விளம்பரம் வாங்கி கமிஷன் சம்பாதிக்கலாமா? டிஸ்ப்ளே விளம்பரமும் அஃபிலியேட் கணக்கும்

"இண்டர்நெட்டில் விளம்பரம் போட்டால் மாதம் ஐம்பதாயிரம் கிடைக்கிறதாமே, உண்மையா?" என்ற கேள்வியைச் சந்திக்காத கம்ப்யூட்டர்காரர் இருக்க முடியாது. நான் சாப்ட்வேர் என்ஜினியர். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. ஊருக்குப் போகும்போதெல்லாம் டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை தேடுபவர்கள், அல்லது அவர்களுடைய அப்பாக்கள்.

இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சரியில்லை. ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பதில் தானாகவே வந்துவிடும். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விளம்பரத்தைப் பார்ப்பவருக்கே பணம் கொடுக்கிறோம் என்று சொல்லி, அதற்கு முன்பணம் வாங்கும் திட்டங்கள் வேறு. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் மைவி3 ஆட்ஸ் என்ற நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் திரண்டது செய்தியாக வந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த நிறுவனத்தின் மீது கோவை சைபர் கிரைம் போலீஸார் வழக்குப் பதிவு செய்தார்கள். உறுப்பினராகப் பணம் கட்டி, செல்போனில் விளம்பரம் பார்த்தால் தினமும் வருமானம் என்பது அந்த வகை. நாம் பேசப்போகும் விஷயத்தில் விளம்பரம் பார்ப்பவருக்கு யாரும் ஒரு பைசா கொடுப்பதில்லை. அவர் பொருள் வாங்கினால்தான் பணம் புரளும். யாராவது "விளம்பரம்", "இண்டர்நெட்", "வருமானம்" ஆகிய மூன்று வார்த்தைகளையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால், பொருளை யார் வாங்குகிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

யார் யார் இதில் இருக்கிறார்கள்?

அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது நம் ஊர் தரகு வேலைதான். மாட்டுச் சந்தையில் தரகர் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைத்துக் கமிஷன் வாங்குகிறார் அல்லவா? அதே போல் ஒரு ஆன்லைன் கடைக்கு நீங்கள் ஆள் அனுப்பி, அவர் பொருள் வாங்கினால் கடை உங்களுக்குக் கமிஷன் தரும். அனுப்பியது நீங்கள்தான் என்பதை அடையாளம் காண உங்களுக்கென்று ஒரு எண் கொண்ட லிங்க் தருவார்கள். அமேசான் 1996ல் இந்த முறையைத் தொடங்கியது. 2013ல் அமேசான் இந்தியாவுக்கு வந்த பிறகு இங்கேயும் இது பரவியது.

டிஸ்ப்ளே விளம்பரம் என்பது இணையதளங்களில் கட்டுரைக்கு நடுவிலும் ஓரத்திலும் தெரியும் படத்துடன் கூடிய பெட்டி. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற இணையதளத்தில் வெளியான பேனர்கள்தான் இதன் ஆரம்பம் என்று சொல்வார்கள். இன்று ஒவ்வொரு இணையதளத்துடனும் போய் விலை பேச வேண்டியதில்லை. லட்சக்கணக்கான தளங்களில் இருக்கும் காலி இடங்களை ஒன்று சேர்த்து, ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏலம் விட்டு விற்கும் இடைத்தரகர்தான் விளம்பர நெட்வொர்க். கூகுள் டிஸ்ப்ளே நெட்வொர்க், டபூலா, மீடியா.நெட் ஆகியவை பலரும் கேள்விப்பட்டவை.

இந்த இரண்டையும் சேர்த்தால்? நெட்வொர்க்கிடம் காசு கொடுத்து ஆட்களை வாங்குகிறீர்கள். அவர்களைக் கடைக்கு அனுப்பிக் கமிஷன் வாங்குகிறீர்கள். வாங்கிய விலையைவிடக் கமிஷன் அதிகமாக இருந்தால் லாபம். கேட்க எளிமையாக இருக்கிறது. சிக்கல் அந்த "அதிகமாக இருந்தால்" என்பதில்தான்.

ஒரு பார்வையாளரின் விலை என்ன?

என் சித்தப்பா மகன் கச்சிராயபாளையத்தில் இருக்கிறான். கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலைக்கு ஏறும் வழியில் இருக்கும் ஊர். சொந்தமாக ஒரு வேன் வைத்து வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி, பெரியார் அருவி என்று சுற்றுலா வருபவர்களை அழைத்துப் போகிறான். படங்கள் நன்றாக எடுப்பான். அந்தப் படங்களை வைத்து மலையைப் பற்றி ஒரு சிறிய இணையதளமும் நடத்துகிறான். எந்த மாதத்தில் எந்த அருவியில் தண்ணீர் இருக்கும், எந்த இடத்துக்கு மேல் செல்போன் சிக்னல் கிடைக்காது, பெட்ரோல் எங்கே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஷூ, மழைக்கோட்டு, டார்ச் போன்றவற்றுக்கு அஃபிலியேட் லிங்க்கும் போட்டிருந்தான்.

போன வருடம் ஒருநாள் போன் செய்தான். "அண்ணா, ஒரு கோர்ஸ்ல சேர்ந்திருக்கேன். டெய்லி ஐநூறு ரூபாய்க்கு ஆட் விட்டா ஆயிரம் ரூபாய் கமிஷன் வருமாம். பதினஞ்சாயிரம் போடப் போறேன்" என்றான். அந்தப் பதினைந்தாயிரம் எது என்று கேட்டேன். சித்தி ஆடு விற்ற பணம். வேனுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க எடுத்து வைத்தது. அது போனால் வேன் வீட்டு வாசலில் நிற்கும்.

போனிலேயே அவனை ஒரு கணக்குப் போடச் சொன்னேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் சொந்த எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தைக் கிளிக் செய்து 100 பேர் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள். அதில் 20 பேர் லிங்க்கைக் கிளிக் செய்து கடைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போனவர்களில் நூற்றுக்கு 3 பேர் வாங்குகிறார்கள். அப்படியானால் 20 பேரில் 0.6 ஆள். அதாவது 1000 பேர் வந்தால் 6 விற்பனை. ஒரு விற்பனை சராசரியாக 1,500 ரூபாய், கமிஷன் 6 சதவீதம் என்றால் ஒரு விற்பனைக்கு 90 ரூபாய். 0.6ஐ 90ஆல் பெருக்கினால் 54 ரூபாய். இது 100 பேருக்கு. ஆக, உங்கள் பக்கத்துக்கு வரும் ஒரு ஆளின் மதிப்பு 54 காசு.

இந்த 54 காசுதான் மொத்த விஷயமும். விளம்பர உலகில் இதை இ.பி.சி. என்பார்கள், ஒரு கிளிக்குக்கு வரும் வருமானம் என்று பொருள். நெட்வொர்க்கிடம் நீங்கள் ஒரு கிளிக்குக்குக் கொடுக்கும் விலை சி.பி.சி. இ.பி.சி. பெரியதாக இருந்தால் லாபம், சி.பி.சி. பெரியதாக இருந்தால் நஷ்டம்.

இப்போது தம்பியின் பதினைந்தாயிரத்தை இதில் ஓட்டிப் பார்ப்போம். இந்தியாவில் விளம்பரச் செலவின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆகவே 15,000 கட்டினால் விளம்பரத்துக்குக் கிடைப்பது சுமார் 12,712 ரூபாய்தான். ஒரு கிளிக் 2 ரூபாய் என்று வைத்தால் 6,356 கிளிக். ஒன்றுக்கு 54 காசு வீதம் வரும் கமிஷன் ஏறக்குறைய 3,430 ரூபாய். பதினைந்தாயிரம் போட்டு மூவாயிரத்து நானூறு எடுப்பதற்கு ஒரு கோர்ஸ் வேறு!

"அப்ப கமிஷன் பெரிசா இருக்குற பொருளை எடுத்துக்கலாமே?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஒரு வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் தரும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். வெப் ஹோஸ்டிங், டீமேட் அக்கவுண்ட் போன்றவற்றில் இப்படி ஆளுக்கு இவ்வளவு என்று தருவார்கள். அது அருவி பார்க்க வந்தவர் உடனே வாங்கும் பொருள் அல்ல என்பதால் வாங்குபவர் விகிதம் 2 சதவீதமாகக் குறையும் என்று எடுத்துக்கொள்வோம். 20ல் 0.4 ஆள், 200 ரூபாய். ஒரு ஆளின் மதிப்பு 2 ரூபாய். கிளிக்கின் விலை ஜி.எஸ்.டி.யுடன் 2 ரூபாய் 36 காசு. இன்னும் நஷ்டம்தான், ஆனால் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பக்கத்தை நன்றாக எழுதி 20 பேர் என்பதை 30 ஆக்கினால் மதிப்பு 3 ரூபாய் ஆகிவிடும். டிஸ்ப்ளே விளம்பரம் வாங்கி அஃபிலியேட் செய்பவர்கள் ஏன் எப்போதும் பெரிய கமிஷன் பொருள்களின் பின்னால் ஓடுகிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

எவ்வளவு பணத்தில் சோதித்துப் பார்க்கலாம்?

நூறு கிளிக் வந்தது, ஒன்றும் விற்கவில்லை, ஆகவே பயனில்லை என்று முடிவு செய்வது தவறு. நம் கணக்கில் 1000 பேருக்கு 6 விற்பனை எதிர்பார்க்கிறோம். நூறில் ஒன்றும் விற்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதே சமயம் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும் என்று விடவும் முடியாது. என் வழக்கம் இது: எதிர்பார்க்கும் விகிதப்படி 3 விற்பனை நடக்கத் தேவையான கிளிக்குகளை மட்டும் வாங்குவேன். இங்கே அது 500. நம் எதிர்பார்ப்பு சரியாக இருக்கும்போதும் 500 பேரில் ஒருவர்கூட வாங்காமல் போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 20ல் ஒன்றுதான். ஆகவே 500 கிளிக்கில் பூஜ்யம் என்றால் எதிர்பார்ப்பு தவறு என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம்.

500 கிளிக், 2 ரூபாய் வீதம் 1,000 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180. பதினைந்தாயிரத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, 1,180 ரூபாய்க்கு மட்டும் சோதிப்பது என்று முடிவானது. இன்சூரன்ஸை அன்று மாலையே கட்டச் சொன்னேன்.

கேம்பெயின் அமைக்கும் முறை

கூகுள் ஆட்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மெனுக்கள் அடிக்கடி இடம் மாறும் என்பதால் பெயர்களை நினைவில் வைத்துத் தேடிக்கொள்ளுங்கள். அக்கவுண்ட் தொடங்கியதும், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் கேம்பெயின் வகைகளுக்கு உங்களைத் தள்ளப் பார்க்கும். வேண்டாம். நியூ கேம்பெயின் கிளிக் செய்து, வழிகாட்டுதல் இல்லாமல் உருவாக்கும் பிரிவைத் தேர்ந்தெடுத்து, டிஸ்ப்ளே என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லொகேஷன். இங்கே லொகேஷன் ஆப்ஷன்ஸ் என்று ஒரு சிறிய வரி இருக்கும். அதைத் திறந்து பார்க்காதவர்களே அதிகம். அந்த ஊரில் இருப்பவர்கள், அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள் என இருவருக்கும் விளம்பரம் காட்டு என்பதே அதில் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். சென்னை, சேலம், புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்ட வேண்டும் என்றால், பிரசன்ஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

பட்ஜெட்டில் ஒரு விஷயம். ஒரு நாளுக்கு 100 ரூபாய் என்று கொடுத்தால் சில நாட்களில் 200 வரை செலவாகலாம். கூகுள் அப்படித்தான் வைத்திருக்கிறது. மாதம் முழுவதற்கும் சேர்த்து 3,040 ரூபாயைத் தாண்டாது, அதாவது 30.4 நாள் கணக்கு. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் கையில் இருப்பதே 1,180 என்றால் முடிவுத் தேதியையும் கொடுத்துவிடுங்கள். ஒரு கிளிக்குக்கு உச்ச விலை வரம்பு போடும் வசதி இருக்கும் ஏல முறையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, அதில் 2 ரூபாய் என்று போடுங்கள்.

ஆப்டிமைஸ்டு டார்கெட்டிங் என்று ஒன்று தானாகவே ஆன் ஆகியிருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு வெளியேயும் போய்த் தேடும் வசதி அது. விற்பனை விவரம் நிறைய சேர்ந்த பெரிய அக்கவுண்டுக்கு அது உதவலாம். ஆயிரம் ரூபாய் சோதனைக்கு ஆகாது. ஆஃப் செய்துவிடுங்கள்.

அடுத்து வருவதுதான் மிக முக்கியம். டிஸ்ப்ளே நெட்வொர்க் என்றால் செய்தித்தளங்களில் மட்டும் விளம்பரம் வரும் என்று நினைக்கிறோம். செல்போன் ஆப்களிலும் வரும். தம்பி எனக்குப் போன் செய்வதற்கு முன்பே வேறொரு நெட்வொர்க்கில் முந்நூறு ரூபாய்க்கு ஓட்டிப் பார்த்திருந்தான். கிளிக் நிறைய வந்தது என்று சந்தோஷமாகச் சொன்னான். ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால் குழந்தைகள் பலூன் உடைக்கும் விளையாட்டு, டார்ச் லைட் ஆப், பேட்டரி மிச்சப்படுத்தும் ஆப் என்று வரிசையாக இருந்தது. பலூனைத் தொட வேண்டிய விரல் விளம்பரத்தைத் தொட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த நேரம் ஒரு நொடி, இரண்டு நொடி. பலூன் உடைக்கும் ஐந்து வயதுக் குழந்தை மழைக்கோட்டு ஆர்டர் செய்யாது.

ஆகவே கேம்பெயின் தொடங்கும் முன்பே கன்டென்ட் பிரிவில் எக்ஸ்க்ளூஷன்ஸ் சென்று, ஆப் கேட்டகரீஸ் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வகையாக நீக்கிவிடுங்கள். நீளமான பட்டியல், கை வலிக்கும். இருந்தாலும் செய்துவிடுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு, விளம்பரம் எங்கே தெரிந்தது என்று காட்டும் ரிப்போர்ட்டை இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்து, செலவு மட்டும் ஏறி யாரும் கடைக்குப் போகாத தளங்களையும் நீக்கிக்கொண்டே வாருங்கள். இந்த வேலையை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை. பார்க்க சுவாரசியமாக இருக்காது.

விளம்பரத்துக்குப் படம் இரண்டு அளவில் தேவை: 1200க்கு 628 பிக்ஸல், 1200க்கு 1200 பிக்ஸல். சிறிய தலைப்புக்கு 30 எழுத்து இடம். இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி என்பது நமக்கு 8 எழுத்து. யூனிகோடு கணக்கில் அது 14, ஏனெனில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ஊர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி இடம் போய்விடும். ஊர் பெயரைப் படத்தில் வைத்துவிட்டு, தலைப்பில் விஷயத்தை மட்டும் சொல்வது நல்லது. பெட்டியின் ஓரத்தில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே டைப் செய்யுங்கள்.

கடைக்கு நேரே அனுப்பக் கூடாதா?

விளம்பரத்திலேயே அஃபிலியேட் லிங்க்கைப் போட்டு, நடுவில் நம் பக்கம் இல்லாமல் செய்யலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அமேசானில் நீங்கள் பதிவு செய்த தளத்தில்தான் லிங்க் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் தேடல் விளம்பரத்திலிருந்து அவர்கள் கடைக்கு ஆள் அனுப்புவதற்கும் தடை இருக்கிறது. உங்கள் லிங்க் வழியாக நீங்களோ வீட்டாரோ வாங்கினாலும் கமிஷன் கிடையாது. கூகுள் தரப்பிலும், வேறிடத்துக்கு அனுப்புவதற்காக மட்டுமே போடப்பட்ட வெற்றுப் பக்கங்களுக்கு அனுமதி இல்லை. நடுவில் இருக்கும் உங்கள் பக்கத்தில் படிக்க ஏதாவது இருக்க வேண்டும். தம்பியின் பக்கத்தில் "மழை பெய்த மறுநாள் மேகம் அருவிக்குப் போகலாமா?" என்ற கட்டுரையைத்தான் வைத்தோம். பாறை எங்கே வழுக்கும் என்று படித்தவர் ஷூ லிங்க்கைக் கிளிக் செய்வார்.

அடுத்து, யார் வாங்கினார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பனை நடப்பது கடையின் தளத்தில். அங்கே நம் கோடைப் போட முடியாது. ஆகவே இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து கடைக்குப் போகும் கிளிக்கை ஒரு கன்வெர்ஷனாகப் பதிவு செய்யுங்கள். விளம்பரத்தில் வருபவர்களுக்கென்று தனியாக ஒரு டிராக்கிங் ஐடி வைத்துக்கொள்ளுங்கள். அமேசானில் ஒரே அக்கவுண்டில் பல ஐடிக்கள் உருவாக்கலாம். மற்ற அஃபிலியேட் நெட்வொர்க்குகளில் இதை சப் ஐடி என்பார்கள். மாதக் கடைசியில் அந்த ஐடியில் வந்த கமிஷனை விளம்பரச் செலவுடன் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். ஐடியைப் பிரிக்காமல் விட்டால், கூகுள் தேடலில் சும்மா வந்தவர்கள் கொடுத்த கமிஷனும் விளம்பரத்தின் பெயரில் சேர்ந்து, லாபம் போலத் தெரியும்.

அமேசானில் இன்னொரு கட்டுப்பாடு: நீங்கள் அனுப்பியவர் பொருளை 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போட வேண்டும். மலைக்குப் போவதை அடுத்த மாதம் யோசிக்கலாம் என்று போனவர் நம் கணக்கில் வரமாட்டார்.

சோதனையில் என்ன வந்தது?

ஐநூறுக்குச் சற்று மேல் கிளிக். கடையில் ஒரே ஒரு விற்பனை, கமிஷன் எழுபது ரூபாய் சொச்சம். இதைத்தான் எதிர்பார்த்தோம். எதிர்பாராதது, பக்கத்தின் அடியில் இருந்த வேன் நம்பருக்கு ஒன்பது போன் வந்ததும், அதில் இரண்டு குடும்பங்கள் வேனை எடுத்துக்கொண்டதும்தான். டீசல் போக ஒரு டிரிப்புக்கு அவன் கையில் நிற்பது 1,200 என்றால் இரண்டு டிரிப் 2,400. ஒரு ஆளின் மதிப்பு 54 காசு என்று போட்ட இடத்தில் வேன் கணக்கில் ஏறக்குறைய 4 ரூபாய் 80 காசு வந்து நிற்கிறது. இரண்டு டிரிப் என்பது மிகச் சிறிய எண், அடுத்த ஐநூறில் பூஜ்யமாகவும் இருக்கலாம். ஆனால் கமிஷன் ஷூவைவிடச் சொந்த வேன் விளம்பரச் செலவைத் தாங்கும் என்பது தெளிவு.

இதிலிருந்து அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மலையில் தங்கும் இடம் வைத்திருப்பவர் ஒருவரிடம் பேசி, தன் பக்கம் வழியாக வரும் ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு தொகை என்று முடிவு செய்துகொண்டான். லிங்க் எதுவும் கிடையாது. வருபவர் ஒரு கூப்பன் வார்த்தையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதுவும் அஃபிலியேட்தான். 24 மணி நேரக் கெடு இல்லாத அஃபிலியேட். 2021ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம், மலைத்தேன், சாமை என்று நம் பகுதியில் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரே பேசினால் 6 சதவீதத்தைவிட நல்ல பங்கு கேட்கலாம்.

ரீமார்க்கெட்டிங்கையும் ஒருமுறை பாருங்கள். ஏற்கனவே உங்கள் பக்கத்துக்கு வந்து போனவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டும் முறை. கூகுள் டிஸ்ப்ளேயில் இதற்கு 30 நாட்களில் குறைந்தது 100 பேர் பட்டியலில் இருக்க வேண்டும். சிறிய தளத்துக்கும் இது எட்டும். புதியவர்களை வாங்குவதைவிடச் செலவு குறைவு.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்

இது கமிஷன் லிங்க் என்பதைப் பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். அமேசான் இதற்கென்று ஒரு வாக்கியத்தையே கொடுத்திருக்கிறது. நம் நாட்டில் 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்கள் பற்றிய விதிமுறைகளை வெளியிட்டது. பணத்தொடர்பு இருந்தால் மறைக்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. அபராதம் முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

கமிஷன் பெரியது என்று ரம்மி, பந்தய ஆப்களுக்கு மட்டும் போய்விடாதீர்கள். ஒரு காலத்தில் தமிழ் அஃபிலியேட்காரர்களுக்கு அதிகம் கொடுத்தவை இவைதான். 2022ல் தமிழக அரசு இதற்குத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டப்படி, பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். லிங்க் போடுபவரும் விளம்பரம் செய்பவர்தான்.

விற்கும் பக்கமும் இருக்கிறது

இதுவரை விளம்பரம் வாங்குவதைப் பார்த்தோம். உங்கள் தளத்துக்குத் தேடல் வழியாகத் தினமும் ஆட்கள் வருகிறார்கள் என்றால், காலி இடத்தை நெட்வொர்க்குக்கு விற்கவும் செய்யலாம். கூகுளின் ஆட்சென்ஸ் 2003லேயே வந்துவிட்டாலும், தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 பிப்ரவரியில்தான் ஆதரவு கிடைத்தது. அதுவரை தமிழில் எழுதியவர்கள் அந்த வருமானத்தை வெளியே நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். அஃபிலியேட் லிங்க்கும் ஆட்சென்ஸும் ஒரே பக்கத்தில் இருக்கலாம், தடையில்லை. ஆனால் ஷூ லிங்க்குக்கு மேலேயே ஷூ விளம்பரம் வந்தால், 90 ரூபாய் கமிஷன் போய் ஓரிரு ரூபாய்தான் மிஞ்சும். ஆகவே பொருள் பரிந்துரைக்கும் பக்கங்களில் ஆட்சென்ஸை நிறுத்திவிட்டு, வழி, நேரம், அருவி நிலவரம் சொல்லும் பக்கங்களில் மட்டும் வைக்கச் சொன்னேன். சொந்த விளம்பரத்தைத் தானே கிளிக் செய்வதும், நண்பர்களைச் செய்யச் சொல்வதும் அக்கவுண்டை மூட வைக்கும்.

வருமானம் 10 டாலர் ஆனதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வரும். மலையிலோ அடிவாரத்திலோ இருப்பவர்கள் முகவரியில் அஞ்சல் நிலையத்தின் பெயரையும் பின்கோடையும் சரியாகக் கொடுத்து, போஸ்ட்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் ஸ்விஃப்ட் கோடு தேவை. சிறிய கிளைகளுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. எந்தப் பெரிய கிளையின் கோடைக் கொடுக்க வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பெயர். நம்மில் பலருக்கு வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து பின்னால் இருக்கும். ஆதாரில் இனிஷியலே இருக்காது. பணம் பெறுபவர் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். அஃபிலியேட் கமிஷனில் பிடிக்கும் வரி பான் எண்ணில்தான் சேரும். அக்கவுண்ட் தொடங்கும் முன்பே மூன்றையும் எடுத்து மேஜையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் வங்கிப் புத்தகத்தில் மாற்றுவதுதான் சுலபம்.